வீதி விபத்தில் ஒருவர் இறந்தால் உறவினர் இழப்பீடு கோர முடியுமா?

முடியும். பிறருடைய கவனக்குறைவால் ஒருவர் உயிரிழக்கும்போது, அவரை நம்பி வாழ்ந்தவர்கள் இழந்த ஆதரவுக்காகச் சட்டம் பெற்றுத்தரும் பணமே இழப்பீடு; கிணற்றைத் தூர்த்தவர், அதை நம்பியிருந்த வீட்டாரின் தண்ணீருக்கும் பொறுப்பாவது போன்றது இது.

முன்பு இலங்கை நீதிமன்றங்கள் பெரும்பாலும் வருமான இழப்பையே கணக்கிட்டதால், உழைக்கும் வயதை எட்டாத பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்துக்கு மதிப்பே இருக்கவில்லை. பெரும் அநீதியான இந்நிலையை மாற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்காகவும் நெருங்கிய உறவினர் இழப்பீடு கோர வழிசெய்தது. வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுசெய்யும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால், தீர்ப்புப் பணத்தைப் பொதுவாகக் காப்புறுதி நிறுவனமே செலுத்தும். விபத்து கொழும்பில் நடந்திருந்தால், உயிரிழப்பு நிகழ்ந்து இரண்டு ஆண்டுகள் கடக்குமுன் சட்டத்தரணி ஊடாகப் புதுக்கடையிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தை நாடுவது அவசியம்.

சாரதிக்கு நீதவான் தண்டனை விதித்ததும் எல்லாம் முடிந்துவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அது குற்றவியல் வழக்கு மட்டுமே, இழப்பீட்டு வழக்கைத் தனியாகத் தொடர வேண்டும்.