கேளுங்கள், சொல்கிறேன்: பென்டகன் நிருபரும் பெர்சனல் கம்ப்யூட்டரும்

கேள்வி: நான் எம்.ஏ. வரலாறு. மொபைல், லேப்டாப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஆசை. இன்ஜினீயரிங் படிக்காதவன் எழுதினால் நம்புவார்களா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். போன், கம்ப்யூட்டர் விமர்சனம் எழுதும் எங்கள் தொழிலில் பலருக்கும் முன்னோடியான வால்ட் மாஸ்பெர்க், அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் 1970-ல் சேர்ந்தவர். ராணுவத் தலைமையகமான பென்டகன், வெளியுறவுத்துறை என்று அலைந்து செய்தி எழுதியவர். 1991 அக்டோபரில்தான் ‘பெர்சனல் டெக்னாலஜி’ பத்தியைத் தொடங்கினார். எடுத்த எடுப்பிலேயே, கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது ரொம்பக் கஷ்டம், அது உங்கள் தப்பில்லை என்றார். அப்போது இந்தத் துறையில் எழுதியவர்களில் பலர் கம்ப்யூட்டர் பித்தர்கள். தங்களைப் போன்ற பித்தர்களுக்கே எழுதினார்கள். மாஸ்பெர்க் காசு கொடுத்து வாங்கியவர் பக்கம் நின்றார். அமைச்சரிடம் கேள்வி கேட்டுப் பழகியவருக்குக் கம்பெனிக்காரரிடம் கேட்பதில் என்ன தயக்கம்? வரலாறு படித்த உங்களுக்கும் ஆதாரம் கேட்கத் தெரியுமே!

கேள்வி: விமர்சனத்துக்கு வரும் போன்கள் உங்களுக்கே சொந்தமாகிவிடுமா? வீட்டில் ஒரு குவியலே இருக்குமே?

பதில்: என் மனைவியும் அப்படித்தான் எதிர்பார்த்தார். எனக்கு வருவதெல்லாம் இரவல். கூரியரில் போன் வரும்போதே திருப்பி அனுப்பவேண்டிய தேதியும் வந்துவிடும். பெரும்பாலும் வேறொரு விமர்சகர் ஏற்கெனவே பிரித்து மூடிய பெட்டி. சீல் கிழிந்திருக்கும், கேபிளைக் கட்டிய கம்பி முறுக்கு தளர்ந்திருக்கும், சிம் தட்டைத் திறக்கும் ஊசி மட்டும் காணாமல் போயிருக்கும். (அந்த ஊசிகளெல்லாம் எங்கேதான் போகின்றனவோ!)

மாஸ்பெர்க் இதில் கறார். கம்பெனிகளிடம் பணமோ பரிசோ வாங்குவதில்லை, சோதித்த பொருளைத் திருப்பிவிடுகிறேன் என்று பகிரங்கமாகவே எழுதி வைத்திருந்தார். முதல் ஐபோன் 2007 ஜூன் 29-ல் விற்பனைக்கு வருமுன் அது கையில் கிடைத்த நான்கு விமர்சகர்களில் அவரும் ஒருவர். பட்டனே இல்லாத கண்ணாடியில் டைப் அடிக்க முடியுமா என்பதுதான் அன்றைய பெரிய சந்தேகம். ஐந்து நாள் பழகியதும் பட்டன் கீபோர்டு உள்ள பாம் ட்ரியோ போனில் அடிக்கும் வேகம் வந்துவிட்டது என்று எழுதினார். கையோடு, போன் கம்பெனியான ஏடி அண்ட் டி-யின் எட்ஜ் இன்டர்நெட் நெட்வொர்க் மந்தம் என்பதையும் போட்டு உடைத்தார்.

ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே மாஸ்பெர்க் வீட்டுக்கு போன் போட்டுப் பேசும் அளவுக்கு இருவருக்கும் பழக்கம். அப்படியிருந்தும் அடுத்த ஆண்டே, மெயிலையும் காலண்டரையும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல வைக்கும் ஆப்பிளின் மொபைல்மீ சேவையைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டார். இலவச போனைவிட எனக்குப் பயமான விஷயம் இந்தப் பழக்கம்தான். போனைத் திருப்பி அனுப்பிவிடலாம். சேர்ந்து சாப்பிட்டவர் முகத்தை எப்படித் திருப்பி அனுப்புவது?

கேள்வி: லாஸ் வேகாஸ் சி.இ.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் காட்டுவதெல்லாம் கடைக்கு வருமா?

பதில்: வராததே நிறைய. வந்தும் நிலைக்காதவை வேறு. 2010-ல் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் 3டி டிவி. இனி ஹாலில் குடும்பமே கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காரும் என்றார்கள். 2017-ல் சோனியும் எல்ஜியும்கூட அதைக் கைவிட்டன. காபி குடித்துக்கொண்டே, செய்தியில் அரைக் கண் வைத்து டிவி பார்க்கிறவர்கள் நாம். கண்ணாடியை யார் தேடுவது? எந்தப் புதுச் சரக்கைக் காட்டினாலும் நான் விலையையும் கடைக்கு வரும் மாதத்தையும் கேட்பேன். பதிலுக்குப் புன்னகை மட்டும் வந்தால் நோட்டை மூடிவிடுவேன்.

கேள்வி: மாஸ்பெர்க் இப்போதும் பத்தி எழுதுகிறாரா?

பதில்: இல்லை. 2013 கடைசியில் ஜர்னலை விட்டார். அப்புறம் ‘ரீகோட்’, ‘தி வெர்ஜ்’ என்ற தொழில்நுட்ப இணையதளங்கள். 2017-ல் ஓய்வு. அதன் பிறகு, செய்தியில் எது மெய், எது பொய் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் ‘நியூஸ் லிட்டரசி புராஜெக்ட்’ அமைப்பின் நிர்வாகக் குழுவில் சேர்ந்துகொண்டார்.