பாரம் ஏற்றும் வண்டிக்கு ரேஸ் எதற்கு?

கேள்வி: கார் இருக்கும்போது பிக்கப்பை ரேஸில் விடும் யோசனை யாருக்கு வந்தது?

பதில்: மண்ணில் ஓட்டிப் பழகியவர்களுக்கு. மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயம் 1967-இல் தொடங்கியது. பிக்கப் அங்கே பழைய முகம். அந்தப் பாலைவனப் பந்தய ஆட்களான டிக் லேண்ட்ஃபீல்ட், ஜிம்மி ஸ்மித், ஜிம் வெனபிள், ஃபிராங்க் வெசல்ஸ் நால்வரும்தான் தார் டிராக்கிலும் ஓட்டிப் பார்க்கலாமே என்று அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரிடம் போனார்கள். 1994-இல் நாஸ்காரின் பெரிய கார் பந்தயமான டேடோனா 500 சமயத்தில் மாதிரி வண்டி காட்சிக்கு வந்தது. அதே ஆண்டில் சில வெள்ளோட்டப் பந்தயங்களும் நடந்தன. 1995 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் பீனிக்ஸில் பிக்கப் தொடரின் முதல் போட்டி. ஜெயித்தவர் மைக் ஸ்கின்னர். அந்த ஆண்டின் சாம்பியனும் அவர்தான். அப்போதே அமெரிக்காவில் அதிகம் விற்ற வண்டி கார் அல்ல, ஃபோர்டு எஃப் வரிசைப் பிக்கப். கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? டொயோட்டாகூட நாஸ்காரின் பெரிய தொடர்களில் 2004-இல் நுழைந்தது பிக்கப் வழியாகத்தான்.

கேள்வி: ஆரம்பத்தில் சினிமா மாதிரி இடைவேளை விட்டார்களாமே?

பதில்: ஆமாம். முதலில் ஓடிய சின்ன டிராக்குகள் பலவற்றில் எல்லா வண்டியும் பத்திரமாக பிட் ஸ்டாப் செய்ய, அதாவது ஓரமாக ஒதுங்கி டயர் மாற்றி பெட்ரோல் போட, இடமில்லை. அதனால் பாதியில் பந்தயத்தை நிறுத்தி, டயர் மாற்றி, பெட்ரோல் போட்டு மறுபடி கிளப்பினார்கள். டயர் செலவும் ஆள் செலவும் மிச்சம். டிவிக்குப் பேட்டி கிடைத்தது. ஆனால் எப்படியும் இடைவேளையில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், சிலர் முதல் பாதியைச் சும்மா உருட்டிக் கழித்தார்கள். வழக்கமான பிட் ஸ்டாப் வந்தபிறகு அந்தத் தந்திரம் செல்லவில்லை.

கேள்வி: நாஸ்கார் பிக்கப்பில் நிஜப் பிக்கப் எவ்வளவு?

பதில்: தோற்றம் மட்டும். அடியில் இருப்பது நாஸ்காரின் பந்தயக் காரான ஸ்டாக் கார் போலவே இரும்புக் குழாய்ச் சட்டம். பின்னால் பாரத்தொட்டி மூடியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஸ்டாக் கார்களே பல பத்தாண்டுகளாகப் பின் அச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது 'ட்ரக் ஆர்ம்' என்ற நீளக் கரங்களால்தான். அது 1960-களின் செவ்ரலே பிக்கப்பிலிருந்து வந்தது. அச்சு பக்கவாட்டில் நகராமல் இழுத்துப் பிடிக்க ஒரு குறுக்குத் தண்டு, அதாவது டிராக் பார். அதன் வலது முனையை உயர்த்தினால் வளைவில் பின்பக்கம் எளிதில் விலகும், இறக்கினால் ஒட்டும். பாதிப் பந்தயத்தில் வண்டி முரண்டு பிடித்தால், மெக்கானிக் பின் கண்ணாடி வழியே நீளமான ரென்ச்சை விட்டுத் திருகுபவற்றில் இதுவும் ஒன்று.

கேள்வி: டிராக் டேயில், அதாவது சொந்த வண்டியைப் பந்தய டிராக்கில் விடும் நாளில், ஓட்ட என் பிக்கப்பின் உயரத்தைக் குறைத்தேன். இப்போது பிரேக் போட்டால் பின்சக்கரம் லாக் ஆகிறது. ஏன்?

பதில்: உங்கள் வண்டிக்குப் பாரம் ஏறியிருப்பதாக ஒரு நினைப்பு. பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தண்டோ ஸ்பிரிங்கோ, அதன் முனையில் பிரேக் வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. நீங்கள் உயரத்தைக் குறைத்ததும் தொட்டி நிறைந்துவிட்டதென்று ஏமாந்துபோகிறது. தொட்டியோ காலி, பின்சக்கரத்தில் எடையே இல்லை. பிரேக் பேடையோ டயரையோ மாற்றிப் பயனில்லை. புதிய உயரத்துக்கு ஏற்ப அந்தத் தண்டை ஒரு மெக்கானிக்கிடம் சரிசெய்யுங்கள். அல்லது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கையால் திருகிக் குறைக்கும் விகித வால்வுக்கு மாறுங்கள். பிறகு காலி மைதானத்தில், குறைந்த வேகத்தில், முன்சக்கரம் முதலில் லாக் ஆகும் வரை பின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் இந்த வால்வே இல்லாமலும் இருக்கலாம். முதலில் அடியில் குனிந்து பாருங்கள்.