தப்பு பெரும்பாலும் நுண்கணிதத்தில் (கால்குலஸ்) இல்லை, இயற்கணிதத்தில்

'தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு வந்தேன், முதல் உள்தேர்வில் 50-க்கு 14, சூத்திரமெல்லாம் தெரிந்தும் விடை தப்பாகிறது' என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டிருந்த மூன்று கணக்கையும் பார்த்தேன். இரண்டில் வகையிட்டது, அதாவது வகைக்கெழு கண்டது, சரிதான். சறுக்கியது அடுத்த வரியில். எக்ஸ் வர்க்கமும் 9-உம் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தை எக்ஸ் + 3 என்று உடைத்துவிட்டீர்கள். எக்ஸுக்கு 4 போட்டுப் பாருங்கள்: முதலாவது 5, இரண்டாவது 7. சந்தேகம் வந்தால் இப்படி ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது பத்து விநாடி வேலை. நானே அரியர் வைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவதுதான் உண்மையான நுண்கணிதத் தப்பு. சைன் (எக்ஸ் வர்க்கம்) என்பதை வகையிட்டு, காஸ் (எக்ஸ் வர்க்கம்) என்று நிறுத்திவிட்டீர்கள். சங்கிலி விதிப்படி உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்க வேண்டும். அந்த 2எக்ஸ் விட்டுப்போயிற்று. உள்ளே இருப்பதை 'யு' என்று தனியாக எழுதிக்கொண்டால் மறக்காது.

ஆங்கிலச் சொற்களுக்குப் பயப்பட வேண்டாம். லிமிட் என்றால் நீங்கள் படித்த எல்லை, டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு, அவ்வளவுதான். அப்புறம், வகையிடலைத் திருப்பிச் செய்வதான தொகையிடல் வரும்போது ஒரு வசதி உண்டு: கிடைத்த விடையை வகையிட்டால் கேள்வியே திரும்ப வர வேண்டும்.