போர்டிங் ஸ்கூலில் பிள்ளைகளைப் பாசமாகப் பார்ப்பார்களா? ஒரு மேட்ரனின் பதில்

"ஐந்தாம் வகுப்பு முடிக்கும் மகனை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ போர்டிங்கில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். ஹாஸ்டலில் பாசமாகப் பார்த்துக்கொள்வார்களா, இல்லை வெறும் காவல்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "சம்பளத்துக்கு வேலை பார்க்கிற வார்டனுக்குப் பாசம் எங்கிருந்து வரும்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் நீலகிரியில் ஒரு பள்ளியின் ஜூனியர் பாய்ஸ் ஹவுஸில், அதாவது சின்னப் பையன்கள் தங்கும் விடுதியில், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், நர்சிங் படித்தேன், கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தேன். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே படித்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும், அது போதும்.

சம்பளம் வாங்கினேன்தான். ஆஸ்பத்திரி நர்ஸும் வாங்குகிறார், டீச்சரும் வாங்குகிறார். நடுராத்திரியில் வாந்தி எடுக்கிற பிள்ளையின் நெற்றியைத் தாங்கிப் பிடிக்கும்போது யாருக்கும் சம்பளம் ஞாபகம் வராது.

நீங்கள் ஊர் சொல்லவில்லை. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஹவுஸில் நிறையப் பேர் அந்தப் பக்கம்தான். இரண்டு பேரும் கம்பெனியைப் பார்க்க வேண்டும், பையன் போனும் கையுமாக இருக்கிறான், பாட்டி சொன்னால் கேட்பதில்லை. அப்படித்தான் இருக்கும். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் இந்த மாதிரிப் பெற்றோர் பள்ளியைப் பார்க்க வரும்போது கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். ரிசல்ட் எப்படி, நீச்சல் குளம் உண்டா, நான்வெஜ் வாரத்தில் எத்தனை நாள். ராத்திரி என் பிள்ளை படுக்கிற கூரையின் கீழே எந்தப் பெரியவர் படுக்கிறார், அவர் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் கேட்க வேண்டியது அதுதான். இந்த மாதிரி மலையூர்களில் போர்டிங் புதிதில்லை. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-ல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. (இரண்டிலும் நான் வேலை பார்த்ததில்லை.) மேட்டுப்பாளையம் ரயில் ஊட்டி வரைக்கும் வந்ததே 1908-ல்தான். நினைத்தவுடன் காரை எடுத்துக்கொண்டு அப்பா அம்மா வந்து பார்க்க முடியாத காலம் அது. ஹவுஸுக்குப் பொறுப்பான ஆசிரியர், அதாவது ஹவுஸ் மாஸ்டர், குடும்பத்தோடு அதே கட்டிடத்தில் குடியிருப்பது, மேட்ரன் டார்மிட்டரிக்குப் பக்கத்து அறையில் படுப்பது எல்லாம் அப்போதிருந்து வருகிற பழக்கம். இன்றைக்குச் சில இடங்களில் ஹவுஸ் மாஸ்டர் வெளியே குடியிருக்கிறார், ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேனும் கேமராவும் இருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் காவல் என்கிறீர்கள் என்றால், ஆமாம், அது காவல்தான்.

மேட்ரன் வேலை என்றால் துணி எண்ணுவதும் மாத்திரை கொடுப்பதும் என்று நினைப்பார்கள். அதுவும் உண்டு. ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சமவெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு டிசம்பர், ஜனவரிப் பனியில் உதடு வெடிக்கும், சிலருக்குக் கால்விரல் சிவந்து வீங்கி அரிக்கும். ஜூலை மழையில் ஒரு மெத்தை நனைந்தால் வெயிலில் காய வைக்கவே முடியாது, பாய்லர் ரூமில்தான் சாத்தி வைக்க வேண்டும். படுக்கையில் சிறுநீர் போய்விடுகிற பையனை விடியற்காலை மணி அடிக்கும் முன்பே எழுப்பி, வேறு விரிப்புப் போட்டு, பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தெரியாமல் முடிக்க வேண்டும். எங்கள் ஆயாம்மா ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து வருவார். இருட்டில், டார்ச் கூட இல்லாமல், ஒரு சத்தம் வராமல் இதைச் செய்வார். அவருக்கு எந்த ஃபவுண்டர்ஸ் டேயிலும் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது சாயங்காலத் தையல் மேசை. ப்ரெப் என்கிற சாயங்காலப் படிப்பு நேரம் முடிந்து லைட்ஸ் ஆஃப் ஆவதற்கு முன்னால் ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பேன். சட்டைப் பட்டன் போனவன், சாக்ஸ் கிழிந்தவன், ஸ்வெட்டர் பிரிந்தவன் எல்லாம் வருவார்கள். கவுன்சிலர் ரூமுக்குப் போனால் மற்ற பையன்கள் பார்ப்பார்கள், என்னடா ஆச்சு என்று கேட்பார்கள். தையல் மேசைக்கு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கவுன்சிலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கவுன்சிலர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் எதிரில் உட்கார்ந்து, "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டான். நம் கை வேறு வேலையில் இருக்க வேண்டும், கண் துணியின் மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் பேச்சு வரும்.

ஒரு நவம்பர் மாதம், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், காரைக்குடிப் பக்கம், அடுத்தடுத்த நாள் பட்டன் போன சட்டையோடு வந்தான். தானாக அறுந்த பட்டன் என்றால் நூல் பிசிறாக நிற்கும். இது கத்தரியால் நறுக்கியது போலச் சுத்தமாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நூலைக் கோத்து மெதுவாகத் தைத்தேன். ஒரு பட்டனுக்கு ஆகிற நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆக்கினேன்.

"ஆன்ட்டி, எங்க ஐயா போனுக்கே வர மாட்டேங்கிறாரு." அவர்கள் பக்கம் தாத்தாவை ஐயா என்பார்கள். "தூங்குறாருன்னு அம்மா சொன்னாங்க. போன ஞாயித்துக்கிழமையும் தூங்குறாருன்னுதான் சொன்னாங்க. எங்க ஐயா பகல்ல தூங்கவே மாட்டாரு."

பெரியவர் இறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியும். "பரீட்சை முடியட்டும், பையனுக்குச் சொல்லாதீங்க" என்று வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்திருந்தது. அவனை வளர்த்ததே அந்த ஐயாதான்.

அன்று ராத்திரியே ஹவுஸ் மாஸ்டரிடம் சொன்னேன். கணக்கு வாத்தியார், அதிகம் பேசாத மனிதர். அப்போதே அப்பாவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் கோபம். "எங்க குடும்ப விஷயத்தில் நீங்க யார்?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. சார் குரலை உயர்த்தவில்லை. "பரீட்சை அடுத்த வருஷமும் வரும் சார். பதினாறாம் நாள் காரியம் திரும்ப வராது. நீங்க வந்து சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? அவன் என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் விடியும்போது அப்பா வந்து நின்றார். மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து வெகுநேரம் மழையில் காத்திருந்து வந்திருந்தார். ஹவுஸ் மாஸ்டர் வீட்டு முன்னறையில் வைத்துச் சொன்னார்கள். நான் காபி கொண்டு போனேன். பையன் அழவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டான். தேதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்து, "அன்னைக்கு நான் ஃபுட்பால் விளையாடிட்டு இருந்தேன்" என்றான். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதான். அப்பாவும் அழுதார்.

காரியத்துக்கு ஊருக்குப் போய் வந்தான். விட்டுப்போன பேப்பர்களைப் பள்ளி தனியாக எழுத வைத்தது. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளை தூரத்தில் தனியாக இருந்து அழுவானே என்ற பயத்தில்தான் மறைத்தார்கள். ஆனால் அம்மா மேல் அவனுக்கு வந்த கோபம் ஆற அந்த டெர்ம் முழுக்க ஆனது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம், "சரி", "ம்" என்பதைத் தாண்டிப் பேச மாட்டான். ஐயா இறந்ததை விட, தூங்குகிறார் என்று சொன்னதுதான் அவனுக்கு ஆறவில்லை.

டார்ம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஆண்பிள்ளைகள் ஹாஸ்டல் என்றாலே ராகிங் என்று நினைப்பவர்களுக்காக. எங்கள் ப்ரிஃபெக்ட், அதாவது ஹவுஸின் மாணவர் தலைவன், பதினொன்றாம் வகுப்பு, மீசை அரும்புகிற வயது. "நான் என்ன பண்ணணும் ஆன்ட்டி?" என்று வந்து நின்றான். "ஒண்ணும் பேச வேண்டாம், மெஸ்ல அவன் பக்கத்து இடத்தைக் காலியா விடாதே" என்றேன். அந்த டெர்ம் முடிகிறவரை அந்த இடம் காலியாக இருந்து நான் பார்க்கவில்லை. யாராவது ஒருத்தன் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவான். ஒரு பொடியன் தன் ஞாயிற்றுக்கிழமைப் போன் நேரத்தை இவனுக்குக் கொடுத்து, "பாட்டிகிட்ட பேசிக்கோ" என்றான். பெரியவர்கள் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை இது.

எல்லா ஹவுஸும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சின்னப் பையன்களைத் துணி துவைக்க வைக்கிற சீனியர்களும் உண்டு, கை நீட்டுகிற வார்டன்களும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே பள்ளியில் அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்துவிட்டது. 2012 போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது, ஹவுஸில் குழந்தைகள் உதவி எண்ணான 1098 பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறதா, அனுமதி கேட்காமல் அதைக் கூப்பிட ஒரு போன் இருக்கிறதா என்று பாருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல ஹவுஸ் மாஸ்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆயா, மேட்ரன் எல்லாம் பள்ளியின் சொந்த ஆட்களா, ஏஜென்சி மூலம் வந்தவர்களா என்றும் கேளுங்கள். ஏஜென்சி ஆட்கள் மோசம் என்று பொருள் இல்லை, பாவம், அவர்களும் உழைப்பவர்கள்தான். ஆனால் டெர்முக்கு டெர்ம் ஆள் மாறினால், எந்தப் பையன் சட்டையில் எந்தப் பட்டன் எப்படிப் போனது என்று யாருக்குத் தெரியும்?

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தவரை குவார்ட்டர்ஸ் உண்டு. ஓய்வு பெற்ற மாதமே காலி செய்ய வேண்டும். அதன் பிறகு ஊட்டி, குன்னூரில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், தெரியும். இரண்டு அறை இருந்தாலே காட்டேஜ் என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். மாத வாடகைக்கு விடுவதை விட சீசனில் நாள் வாடகைக்கு விட்டால் லாபம். ஏப்ரல் வந்தால், "ரெண்டு மாசத்துக்கு எங்கயாவது போய் இருந்துக்கோங்கம்மா" என்று என்னிடமே ஒருவர் கூசாமல் கேட்டார். இந்த மலையில் பிறந்தவளுக்கு இங்கே வீடு இல்லை. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. என் கண்ணுக்குக் கூட்டம் குறைந்த மாதிரித் தெரியவில்லை. சீசன் சனிக்கிழமையில் காய்ச்சல்காரப் பிள்ளையை ஸ்கூல் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊர்க்காரர்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் மகன் விஷயம். சேர்ப்பதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது, அவனைக் கேளுங்கள். சேர்த்தால், முதல் நாள் அவன் அழாமல் டாட்டா காட்டினால் நிம்மதியாகிவிடாதீர்கள். புது இடத்தின் பரபரப்பு அடங்கி, இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் ஏக்கம் வரும், அதுவும் ஞாயிறு சாயங்காலம். அப்போது போனில், "நீ இல்லாம அம்மா சாப்பிடவே இல்லடா" என்று சொல்லாதீர்கள். அந்த ராத்திரி அவனும் சாப்பிட மாட்டான். என்ன சாப்பிட்டான், பக்கத்துக் கட்டில் பையன் பேர் என்ன என்று கேளுங்கள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று தொடர்ந்து சொன்னால் மேட்ரனுக்கு நேராகப் போன் செய்யுங்கள்.

அப்புறம், அட்மிஷன் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். சீட் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து ஆஸ்துமாவை எழுதாமல் விடுகிற பெற்றோர் நிறைய. மழைக்காலக் குளிரில் முதல் இழுப்பு நடுராத்திரியில்தான் வரும். இன்ஹேலர் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. படுக்கை நனைக்கிற பழக்கம் இருந்தால் படிவத்தில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். மேட்ரனைத் தனியாகப் பார்த்து, ராத்திரி எத்தனை மணிக்கு எழுப்பினால் சரியாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.