தெருத் தோட்டத்துக் காய்கறியை நம்பிக் கூட்டு மளிகைக் கடை தொடங்கலாமா?

கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: "எங்கள் தெருவில் முப்பது குடும்பங்கள் பங்குப் பணம் போட்டு மளிகைக் கடை தொடங்க நினைக்கிறோம். பக்கத்துக் காலி மனையில் எல்லோரும் சேர்ந்து காய்கறி போட்டு, அதையும் கடையில் விற்கலாம் என்று யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

கடையைத் தொடங்குங்கள், தோட்டமும் போடுங்கள். தோட்டத்தை நம்பிக் கடையைத் தொடங்க வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம்.

கேள்வியைப் படித்தால் உங்கள் தெருவில் இரண்டு கூட்டமாவது நடந்து முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது. யாரோ ஒருவர் மொட்டை மாடியில் நின்று காலி மனையைக் காட்டி, "இந்த ஓரம் கீரை, அந்த ஓரம் பந்தல்" என்று கை நீட்டியிருப்பார். அவரைப் பொரியலும் பீர்க்கங்காய்த் துவையலும் அப்போதே எல்லோர் நாக்கிலும் வந்திருக்கும். கணக்கை யார் எழுதுவது என்ற பேச்சு மட்டும் வந்திருக்காது. எங்களுக்கும் வரவில்லை. பிறகு வந்தபோது நேராக என் தலையில் வந்து விழுந்தது.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. வீடு சேலத்தில், அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு சாலைப் பக்கம். வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால் சேர்வராயன் மலை தெரியும். நாங்கள் 41 குடும்பங்கள். குடும்பத்துக்கு 2,000 ரூபாய் பங்கு, ஆக 82,000 ரூபாய் முதல். ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்தோம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கி வந்து பிரித்து விற்றோம். இரண்டு வீடு தள்ளி 5 சென்ட் காலி மனை. அதன் உரிமையாளர் கோயம்புத்தூரில் இருந்தார். "விற்கும்வரை பயிர் போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் உறுப்பினர்களில் சிலர் இந்தத் தளத்திலும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 5 சென்ட் என்றால் ஏறத்தாழ 2,180 சதுர அடி. அதில் நடக்கப் பாதை, தண்ணீர்த் தொட்டி, குப்பை மக்கும் குழி, மதில் நிழல் விழும் ஓரம் எல்லாம் போக, பயிருக்குக் கிடைத்தது 1,300 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு வாரம் 5 கிலோ காய் என்று வைத்தால் 41 குடும்பத்துக்கு 205 கிலோ. எங்கள் தோட்டம் தன் வாழ்நாளிலேயே அதிகமாகக் கொடுத்த வாரத்தில் 22 கிலோ கொடுத்தது. மற்ற வாரங்களில் 12, சில வாரங்களில் 4. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கை, விதை வாங்குவதற்கு முன்பு எங்களில் ஒருவரும் போடவில்லை. நானும்தான்.

இதைப் படித்ததும், மண்ணில் கை வைக்காதவள் பேசுகிறாள் என்று யாராவது கிளம்பி வருவார்கள். ஐயா, அந்த மனையில் இருந்த கட்டட இடிபாட்டுக் கல்லைப் பொறுக்கியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு டிராக்டர் செம்மண்ணும் ஒரு டிராக்டர் தொழுவுரமும் இறங்கிய நாளில் கூடை சுமந்தேன். லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்து, அந்த வாசத்தோடு பேரன் பிறந்தநாளுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். அவரையில் அசுவினி ஏறியபோது வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்ததும் நான்தான். தோட்டத்தின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தோம். அதில்தான் முதல் அடி. எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் காய்க்கும். ஆவணி முழுவதும் அலமாரி காலி. புரட்டாசி பிறந்ததும் வெண்டையும் பீர்க்கும் சேர்ந்து கொட்டின. புரட்டாசியில் பாதித் தெரு கவிச்சி தொடாது, காய் நன்றாக ஓடும் என்று மகிழ்ந்தோம். ஓடத்தான் செய்தது. ஆனால் வெண்டைக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. இன்று பறிக்காவிட்டால் நாளை மறுநாள் முற்றல். சனிக்கிழமை பறிக்க வேண்டியவர் திருப்பதி போய்விட்டார். திங்கட்கிழமை பறித்ததில் பாதியை ஒடித்துப் பார்த்தால் ஒடியவே இல்லை, நார்தான் வந்தது. கீரை அப்படி இல்லை. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பறிப்புக்கு வரும், பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று மாற்றி விதைத்தால் வாரம் தவறாமல் கட்டு வரும். இரண்டாம் ஆண்டு முக்கால்வாசி இடத்தைக் கீரைக்கே விட்டோம். அந்த ஆண்டுதான் தோட்டம் கடைக்கு உண்மையில் உதவியது. காலை ஏழு மணிக்குக் கீரை வாங்க வந்தவர்கள் கூடவே அரை கிலோ உளுந்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். உளுந்தில்தான் லாபம்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-இல் 28 பேர் சேர்ந்து திறந்த கடையைத்தான் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் மூத்ததாகச் சொல்வார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள், நம் சேலத்தின் குகை, அம்மாப்பேட்டைப் பகுதித் தறிக்காரர்களைப் போல. முதல் நாள் அவர்கள் கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி. ஒரு முட்டைக்கோசுகூட இல்லை. எடை சரியாக இருக்கும், கலப்படம் இருக்காது, கடன் கிடையாது, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு என்ற நாலு விஷயத்தை வைத்து அந்தக் கடை நின்றது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்டக சாலையும் அந்த வழியில் வந்ததே. நாங்கள் கடன் நோட்டுப் போட்டோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் நாலு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

உள்ளூர் விளைச்சல் வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு ஐந்து சென்ட்டைப் பிழிய வேண்டியதில்லை. எங்களுக்கு மலை பக்கத்திலேயே இருந்தது. ஏற்காட்டில் ஒரு மலையாளிக் குடும்பம் பழக்கம் (கேரளத்தவர் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடியினருக்கு அந்தப் பெயர்). மிளகு, காப்பிக் கொட்டை, சௌசௌ, பலா, பருவத்தில் ஆரஞ்சு, கொஞ்சம் சாமை. முதல் பஸ்ஸில் மூட்டையை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அது வந்து சேரும். மழைக்காலத்தில் மலைப் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றி வரும், அல்லது வராது. வராத நாளில் சௌசௌ எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கல்லாவில் உட்கார வையுங்கள். கெட்டுப்போகாத மிளகும் காப்பியும்தான் எங்களுக்குக் கை கொடுத்தன. மலைக்காரர்களுக்குக் கையில் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கிவிட்டு அவர்கள் சொன்ன விலைக்கு மிளகைக் கொட்டிய கதையை அந்த வீட்டு அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

இன்னொன்று. உள்ளூர் உணவு என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஜவ்வரிசியை மறந்துவிடுகிறார்கள். நாட்டின் ஜவ்வரிசியில் பெரும்பகுதி எங்கள் சேலம் வட்டாரத்துக் குச்சிக்கிழங்கில்தான் (மரவள்ளி) ஆகிறது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை விற்றுக் கொடுக்கும் சேகோசர்வ் 1981-இல் அமைந்த கூட்டுறவுச் சங்கம். எங்கள் கடையில் அதைவிட உள்ளூர்ப் பொருள் வேறு இல்லை. ஆனால் பாயசத்துக்கு மட்டும் கால் கிலோ வாங்குவார்கள்.

இப்போது நான் இந்தக் கேள்விக்கு எதற்காகப் பதில் எழுத உட்கார்ந்தேனோ அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்து வாசலில் ஒரு தராசும் ஒரு 200 பக்க நோட்டும் வைத்திருந்தோம். பறித்தவர் எடை போட்டு, தேதி, பொருள், அளவு, பெயர் எழுத வேண்டும். விலையை நாங்களாக வைக்கவில்லை. சூரமங்கலம் உழவர் சந்தைப் பலகையில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். காலையில் அந்தப் பக்கம் நடைப்பயிற்சி போகும் ஒருவர் பலகையைப் படம் எடுத்து அனுப்புவார். தண்ணீர் ஊற்றியவருக்கும் ஊற்றாதவருக்கும் ஒரே விலை. ஊற்றியவருக்கு மாதக் கடைசியில் மளிகையில் சிறு தள்ளுபடி. இந்த ஏற்பாடு என்னுடையது. பெருமையாகவே சொல்கிறேன், இது நன்றாக ஓடியது.

இரண்டாம் ஆண்டுப் பொதுக்கூட்டம். வரவு செலவை வாசித்து முடித்தேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எல்லோரையும் எழுதச் சொல்லும் டீச்சரே எழுதாமல் கீரை எடுக்கிறார், அதற்குக் கணக்கு உண்டா?" என்றார். என் கணவருக்கு வாய்ப்புண். ஒரு நாள் விடிகாலையில் இரண்டு கட்டு மணத்தக்காளிக் கீரை பறித்தேன். பேனாவில் மை இல்லை. மாலையில் வந்து எழுதினேன், 30 ரூபாயைக் கல்லாவில் போட்டேன். பக்கம் 34, மேலிருந்து ஏழாவது வரி. அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கூட்டத்திலேயே எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்தார், உட்கார்ந்தார், "ஆனால் கறிவேப்பிலை?" என்றார்.

கறிவேப்பிலை எழுதவில்லை. உண்மை. நான் மட்டுமில்லை, அந்தத் தெருவில் ஒரு மனிதரும் எழுதியதில்லை. தாளிக்க ஒரு இணுக்கு ஒடித்துக்கொண்டு போவதற்குத் தராசில் எதை வைப்பது? அதன் பிறகு 40 நிமிடம் கறிவேப்பிலையைப் பற்றியே பேச்சு. ஒருவர் இணுக்குக்கு ஐம்பது காசு என்றார், ஒருவர் மரத்துக்கு வேலி போடலாம் என்றார். ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்த வீட்டுக்காரர், அப்படியானால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் தன் மின் கட்டணத்துக்கும் கணக்குப் போடச் சொன்னார். கடைசியில் கறிவேப்பிலை எல்லோருக்கும் இலவசம் என்று தீர்மானம் போட்டு, என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதே கூட்டத்தில், 50 கிலோ துவரம் பருப்பு மூட்டையில் வண்டு விழுந்து 6,000 ரூபாய்க்கு மேல் போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானாக எடுத்துச் சொன்னபோது, "அடுத்த முறை வேப்பிலை போட்டு வையுங்கள் டீச்சர்" என்று முடித்துவிட்டார்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே டீச்சர்" என்ற ஒரே வரியை வைத்து இந்த ஊரில் என் ஓய்வுக்காலத்தைத் தின்றுவிட்டார்கள். குடியிருப்போர் சங்கக் கணக்கு நான், மாரியம்மன் பண்டிகை வசூல் நோட்டு நான், சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மொய் எழுத நான். மேடையில் தாலி ஏறுவதை இருபது ஆண்டுகளாக நான் பார்த்ததில்லை. மேளச் சத்தம் உயர்வதை வைத்துத் தெரிந்துகொள்வேன். அந்த நேரத்தில்தான் யாராவது 501 ரூபாயை நீட்டி, ஊர்ப் பெயரை இரண்டு முறை திருத்துவார்கள். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தால் வடை தீர்ந்திருக்கும். கணக்குத் தெரிந்த ஆண் ஒருவர் ஓய்வு பெற்றால் அவரைத் தலைவராக்குகிறார்கள். பெண் ஓய்வு பெற்றால் நோட்டைக் கையில் கொடுக்கிறார்கள். எங்கள் கடைக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவருக்குத் துவரம் பருப்பு என்ன விலை என்று தெரியாது.

சரி, உங்கள் விஷயம். பதிவு செய்யாமல் பலகையில் "கூட்டுறவு" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவைக் கடை திறப்பதற்கு முன்பே முடியுங்கள். மனைக்காரரிடம் வாய்வார்த்தை போதாது, எத்தனை மாத முன்னறிவிப்பு என்று ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். எங்கள் மனை போன தை மாதம் கைமாறியது. பந்தல் கால்களைப் பிடுங்க எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது நாள். காய்ப்பில் இருந்த அவரைக்கொடியை அப்படியே சுருட்டி மாட்டுக்குப் போட்டார்கள், நான் அன்று அந்தப் பக்கம் போகவில்லை. கடை மட்டும் நடக்கிறது. மிளகும் வருகிறது. கீரைக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சைக்கிளில் கொண்டுவந்து போடுகிறார், எங்களுடையதைவிட நன்றாகவே இருக்கிறது.

கணக்கு எழுதுகிறவருக்கு மாதம் ஐந்நூறு ரூபாயாவது சம்பளம் வையுங்கள். நான் கேட்கவில்லை, அது என் தப்பு. நோட்டில் என்னென்ன கட்டம் போட வேண்டும் என்பதற்கு மாதிரி தேவைப்பட்டால் சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கம் 34-ஐயும் சேர்த்தே அனுப்புகிறேன்.