மலை ரயில் டப்பா: ஓப்பன் ஃபைலைக் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் குன்னூர். சித்தி வீட்டிலேயே சாக்லேட் செய்து ஊட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மே மாத சீசனுக்காக மலை ரயில் வடிவத்தில் ஒரு டப்பா வரைந்திருக்கிறேன். ஒரு இன்ஜின், மூன்று குட்டிப் பெட்டிகள். அச்சு வேலை எடுத்துச் செய்யும் புரோக்கர் ஒருவர், ஓப்பன் ஃபைலைக் (யாரும் திருத்தக்கூடிய மூல ஃபைல்) கொடுத்தால்தான் விலை சொல்வேன், 3,000 டப்பாவுக்குக் குறைந்து போட முடியாது என்கிறார். ஃபுட் லைசென்ஸ், லேபிள் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விலை சொல்வதற்கு ஓப்பன் ஃபைல் எதற்கு? டப்பாவை விரித்தால் என்ன நீளம், என்ன அகலம், அட்டை எத்தனை ஜிஎஸ்எம் (அட்டையின் கனம்), எத்தனை கலர், லேமினேஷன் உண்டா, எவ்வளவு எண்ணிக்கை என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், பிரஸ்காரர் டீ ஆறுவதற்குள் விலை சொல்லிவிடுவார். வேலை உறுதியான பிறகும், எழுத்துகளை அவுட்லைன் ஆக்கிய (எழுத்துரு இல்லாமல் வெறும் வடிவமாக மாற்றிய) பிடிஎஃப் போதும். வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் தனி லேயரில் இருக்கட்டும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுங்கள், அதாவது கலர் வெட்டுக்கோட்டைத் தாண்டி அந்த அளவு ஓடட்டும்.

உங்களுக்குத் தோன்றாத இன்னொரு கேள்வி இருக்கிறது. டை யாருக்குச் சொந்தம்? பலகையில் எஃகு பிளேடு பதித்து அட்டையை வெட்ட வைத்திருப்பார்களே, அதுதான் டை. அதற்குக் காசு உங்களிடம்தான் வாங்குவார்கள். ஆனால் வேலை முடிந்ததும் அது புரோக்கரின் குடோனுக்குப் போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஏமாந்தேன். அறுகோண வடிவில் ஒரு தேயிலை டப்பா செய்தேன், டையைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த சீசனில் அதே டப்பா, மூடி ஓரத்தில் நான் தப்பாகப் போட்ட மடிப்பு உட்பட, வேறொரு பெயரில் கடையில் இருந்தது. ஆகவே பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: ‘டை வாடிக்கையாளருக்குச் சொந்தம், சரக்கோடு ஒப்படைக்கப்படும்.’ எழுத மறுத்தால் அந்த ஆளே வேண்டாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. காட்டும் சாம்பிள் வெள்ளை வெளேரென்று இருக்கும். சரக்கு வந்து இறங்கினால் உள்பக்கம் சாம்பல் நிறம்: ஒரு பக்கம் மட்டும் வெள்ளையான டூப்ளக்ஸ் அட்டை. சாம்பிள் அட்டையில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

3,000 என்று அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆஃப்செட்டில் பிளேட், டை, மெஷின் செட்டிங் எல்லாம் 100 டப்பாவுக்கும் 3,000 டப்பாவுக்கும் ஒரே செலவுதான். ஆனால் முதல் சீசனுக்கு உங்களுக்கு ஆஃப்செட்டே வேண்டாம். டிஜிட்டலில் அச்சிட்டு, பிளாட்டரில் (கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில் வெட்டும் மெஷின்) வெட்டும் இடங்கள் கோவையிலேயே இருக்கின்றன. அங்கே டை தேவையில்லை, 100, 200 கூடப் போடலாம். ஒரு டப்பாவின் விலை கூடத்தான் வரும். லேபிளில் ஒரு தப்பு வந்து 3,000 டப்பாவை அடுப்பெரிக்கப் போடுவதற்கு இது மேல்.

லேபிளை எந்தப் புரோக்கரிடமும் விடாதீர்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எண்) உங்கள் சித்தியின் பெயரில், அவர் வீட்டு முகவரியில் இருக்க வேண்டும். வேறு யாருடைய எண்ணையாவது அச்சில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டினால் சித்திதான் மாட்டுவார். அரசு இணையதளத்தில் நேரடியாகவே பதியலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். உள்ளங்கை அளவு டப்பாவுக்கு உணவுப் பாதுகாப்பு விதி ஒரு பக்கம், எடையளவு விதி ஒரு பக்கம். இரண்டும் தனித்தனியாகக் கேட்கும், இரண்டையும் சேர்த்து எளிய தமிழில் ஒரே தாளில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. புரோக்கர்கள் பிழைப்பதே இந்தச் சந்தில்தான்.

‘சின்ன டப்பாவுக்கு லேபிள் வேண்டாமாமே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அரைகுறை உண்மை. டப்பாவின் மொத்த மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் ஒரு விலக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 சென்டிமீட்டர் கனசதுரம் என்றால் ஆறு பக்கமும் சேர்ந்து 96, விலக்குக்குள் வரும். நீளத்தை மட்டும் 6 ஆக்கினால் 128, வராது. ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு ‘நூறுக்குள்தான் இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். விலக்குக்குள் வந்தாலும் கிடைப்பது கொஞ்சம்தான்: சேர்பொருள் பட்டியல், தொகுதி எண், ஊட்டச்சத்து அட்டவணை போன்ற சில விஷயங்களைக் குட்டிப் பெட்டியில் விட்டுவிடலாம். அவையும் வெளி டப்பாவில் இருந்தே ஆக வேண்டும். பொருளின் பெயரோ சைவப் புள்ளியோ இல்லாமல் விட முடியாது. உங்கள் ரயிலில் நான்கு பெட்டியும் ஒரே தட்டில் உட்கார்ந்து ஒன்றாக விற்றால் சிக்கல் இல்லை, விவரங்களை எல்லாம் தட்டிலேயே போட்டுவிடலாம். கடைக்காரர் பிரித்து ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தால் வம்பு. பிரிக்கவே முடியாதபடி தட்டோடு சேர்த்து மடியுங்கள். டிசைனர் செய்ய வேண்டிய வேலை அது.

சைவப் புள்ளியை உங்கள் கலர் ஸ்கீமுக்கு ஏற்ப மாற்றாதீர்கள். மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்கிறார்கள். பச்சைச் சதுரத்துக்குள் நிரப்பிய பச்சை வட்டம். சின்ன டப்பாவில் வட்டத்தின் குறுக்களவு குறைந்தது 3 மில்லிமீட்டர்.

மலை ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது உண்மை. அதற்காக யுனெஸ்கோ சின்னத்தையோ ரயில்வே சின்னத்தையோ டப்பாவில் போடாதீர்கள்.

அச்சிட்ட பக்கம் சாக்லேட்டில் படக்கூடாது, விதியும் அதுதான். கொக்கோ வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் வாசனையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், புது மை நாற்றம் வாயில் தெரியும். ஃபாயிலில் சுற்றி வையுங்கள். டப்பா அச்சாகி வந்தால் இரண்டு நாள் காற்றாட விரித்துப் போடுங்கள். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்ட வேண்டாம், வெட்டி விட்டாலே போதும். பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் உள்ள கெடுபிடி உங்களுக்குத் தெரியாததல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளை டம்மி செய்யுங்கள். அச்சு இல்லாமல், அச்சிடப் போகும் அதே அட்டையில். சித்தியின் சாக்லேட்டை நிஜ எடைக்கு உள்ளே நிரப்புங்கள். உள்ளே பவுச் வைப்பதாக இருந்தால் குன்னூரிலேயே சீல் செய்து, மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. கீழே இறங்க இறங்க பவுச் சூம்பிவிடும், டப்பாவுக்குள் சாக்லேட் கடகடவென்று ஆடும். கோவையில் சீல் செய்து மேலே கொண்டுவந்தால் பவுச் உப்பி மூடியைத் தள்ளும். இதைக் கம்ப்யூட்டர் திரையில் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் அந்த டம்மியை மூன்று ராத்திரி வீட்டு ஜன்னலோரம் வையுங்கள். குன்னூர் மூடுபனியில் அட்டை ஈரம் குடித்து விளிம்பு வளையும், பசை விடும். முதலில் கழன்று விழப்போவது நீங்கள் தனியாக வெட்டி ஒட்டிய சக்கரங்கள்தான். அவற்றை ஒட்ட வேண்டாம், பக்கவாட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்.