வர்ணத்தில் தொலைந்துபோகிறவருக்கு

பரதநாட்டியத்துக்கு ஆசையாகப் போகிறீர்கள், ஆனால் வர்ணம் தொடங்கியதும் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை; அரை மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடிய உருப்படி அது. பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவரோ ஒவ்வொரு முறையும் அதற்குப் புதிதாக ஒரு காட்சியை விரிப்பார்: அதே சொல்லுக்கு ஒரு முறை கோபம், மறுமுறை ஏக்கம். அந்த ஒரு வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுநடுவே நட்டுவாங்கத் தாளம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் தட்டும் கைத்தாளம் ஓங்கி, ‘தகதிமி’ போன்ற தாளச் சொற்களான ஜதிகள் பொரிந்து முடியும். அதன்பின் மறுபடியும் பாட்டுதான். ஜதிகள் வரும்போது சுவரை வெறிக்க வேண்டாம், கால்களைப் பாருங்கள்.

முன்வரிசைக்கு முண்டியடிக்காதீர்கள். மேடை உயரமாக இருந்தால் பாதமே தெரியாது. ஐந்தாவது வரிசை உத்தமம். பாதியில் கிளம்புவது பாவமில்லை, உருப்படி முடிந்ததும் எழுந்திருங்கள்.